தொழுவைப் பாத்துட்டு மாடு புடி

"மாமா, கையில 15,000 இருக்கு. எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கட்டும்?"

ராத்திரி பதினோரு மணிக்கு அக்கா மகன்கிட்ட இருந்து போன். கோவில்பட்டிக்குப் பக்கத்துல, எட்டயபுரம் போற ரோட்டுல இருந்து உள்ளே தள்ளி எங்க ஊரு. பையன் காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கிறான். நான் பொட்டி தட்டிப் பொழைக்கிறவன்ங்கிறதால, சொந்தக்காரங்க வீட்டு பிரிண்டர்ல பேப்பர் சிக்கினாக்கூட போன் எனக்குத்தான் வரும். உங்கள்ல பாதிப் பேருக்கு இந்த அனுபவம் இருக்கும் :-)

வழக்கமா இந்த மாதிரிக் கேள்விக்கு ஒரே வரியில பதில் சொல்லிட்டுப் படுத்துருவேன். இந்தத் தடவை முடியல. அந்தப் பதினஞ்சாயிரம் எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். ஃபிளெக்ஸ் போர்டு அடிக்கிற கடையில தினமும் சாயங்காலம் டிசைன் போட்டு பத்தாயிரம் சேத்துருக்கான். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலின்னு எத்தனை மூஞ்சியை வெட்டி ஒட்டுனானோ. மிச்சம் அஞ்சாயிரம் அக்கா மகளிர் குழுவுல எடுத்து, அத்தானுக்குத் தெரியாம குடுத்தது. அத்தான் தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதுறார். "வெளையாட்டுக்கு எவனாச்சும் காசு போடுவானால?"ங்கிறது அவரு கட்சி. வாங்கிட்டு வந்த கார்டு ஓடலைன்னா திட்டு பையனுக்கு மட்டுமில்ல, அக்காவுக்கும் விழும்.

இன்னொரு காரணமும் இருக்கு. அதுக்கு ஒரு கொசுவத்தி சுத்தியாகணும். பொறுத்துக்கோங்க.

2005. நான் காலேஜ் முடிக்கிற வருஷம். வீட்டுல ஒரு பென்டியம் 4 பொட்டி, 256 எம்.பி. ரேம். வைஸ் சிட்டி தத்தித் தத்தி ஓடும். அந்த வருஷந்தான் சான் ஆன்ட்ரியாஸ் கம்ப்யூட்டருக்கு வந்துச்சு. அது நம்ம பொட்டியில ஓடணும்னா கிராபிக்ஸ் கார்டு வேணும்னு ஒரு நண்பன் சொல்லிட்டான். அப்பாகிட்ட "ப்ராஜெக்டுக்கு வேணும்"னு ஒரு பொய். உளுந்து வித்த காசுல மூவாயிரத்து இருநூறு எண்ணிக் குடுத்தார். மதுரைக்கு பஸ் ஏறி, ஜீஃபோர்ஸ் எஃப்.எக்ஸ். 5200 கார்டு ஒண்ணு வாங்கி, மடியில குழந்தை மாதிரி வெச்சுக்கிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து மூடியைக் கழட்டினா, சொருக இடமே இல்ல.

அந்தக் காலத்துல கிராபிக்ஸ் கார்டுக்குன்னு போர்டுல ஏ.ஜி.பி.ன்னு தனியா ஒரு ஸ்லாட் இருக்கும். இன்டெல் 845ஜி சிப்செட் போர்டுன்னா அது உண்டு. எங்க வீட்டுல இருந்தது 845ஜி.வி. அதுல ஏ.ஜி.பி. கிடையாது. ஒரே ஒரு எழுத்துல தப்பிப் போச்சு. மறுநாள் திரும்ப மதுரைக்குப் போனேன். பிரிச்ச பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம்னுட்டாங்க.

அப்பா திட்டல. கார்டைக் கையில வாங்கி இப்படியும் அப்படியும் பாத்துட்டு, "தொழுவைப் பாக்காம மாட்டைப் புடிச்சுட்டு வந்திருக்கியேப்பா"ன்னு மட்டும் சொன்னார். அந்த வருஷம் தீபாவளிக்கு அவரு வேட்டி எடுக்கல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டான்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல.

அந்தக் கார்டு இன்னும் எங்க வீட்டு டிரங்குப் பொட்டியில இருக்கு. கொசுவத்தி முடிஞ்சது.

ஆக, மருமகன்கிட்ட, "எதையும் வாங்காதல. சனிக்கிழமை வர்றேன்"னு சொல்லிட்டு போனை வெச்சேன்.

சனிக்கிழமை மத்தியானம் போய் எறங்குனா வெயிலு மண்டையைப் பிளக்குது. பையனோட பொட்டி, ரோட்டைப் பாத்த ரூம்ல, தரையில உக்காந்திருக்கு. செகண்ட் ஹேண்டுல வாங்கினது. உள்ளே என்னென்ன இருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதச் சொன்னேன்:

இன்டெல் ஐ5-4570 பிராசஸர் (2013ல வந்த 4ஆம் தலைமுறை). எச்81 சிப்செட் போர்டு. 8 ஜி.பி. டி.டி.ஆர்.3 ரேம், ஒரே குச்சி. 1 டி.பி. சுத்துற ஹார்ட் டிஸ்க். கிராபிக்ஸ் கார்டு கிடையாது, பிராசஸர்லயே இருக்கிற எச்.டி. 4600 தான். மானிட்டர் 60 ஹெர்ட்ஸ். எஸ்.எம்.பி.எஸ். "450 வாட்ஸ்"னு பெருசா எழுதினது.

"பிராசஸரும் பழசு, கார்டும் இல்ல. கார்டு போட்டா எல்லாம் சரியாயிரும் மாமா"ங்கிறான்.

"எதை வெச்சுச் சொல்ற?"

"யூட்யூப்ல சொன்னாங்க."

யூட்யூப்ல சொன்னவன் பொட்டியும் இவன் பொட்டியும் ஒண்ணா? மொதல்ல அளந்து பாப்போம்னு உக்காந்தோம். இது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. விண்டோஸ்ல இருக்கிற டாஸ்க் மேனேஜரே பாதி விஷயத்தைச் சொல்லிரும். எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர்னு ஒரு இலவச மென்பொருள் போட்டுக்கிட்டா, கேம் ஓடும்போதே ஓரத்துல எஃப்.பி.எஸ்., சூடு, பிராசஸர் எவ்வளவு வேலை செய்யுது, கிராபிக்ஸ் எவ்வளவு வேலை செய்யுது, ரேம் எவ்வளவு நிரம்பிருக்குன்னு எல்லாத்தையும் காட்டும்.

ஒரு சின்ன கணக்கு. 60 எஃப்.பி.எஸ்.னா ஒரு படத்துக்கு 16.7 மில்லி செகண்டு. 30ன்னா 33.3. அந்த நேரத்துக்குள்ள, எவன் எங்க நிக்கான், குண்டு எங்க போகுதுன்னு பிராசஸர் கணக்குப் போட்டுக் குடுக்கணும். அதை வெச்சு கிராபிக்ஸ் படம் வரையணும். ரெண்டுல எது மெதுவோ அந்த வேகந்தான் மொத்த வேகம். கிராபிக்ஸ் 97, 98 சதவீதத்துலயே நின்னா அதுதான் முட்டுக்கட்டை. அது அம்பதுல, அறுவதுல சும்மா நிக்குது, படமும் மெதுவா வருதுன்னா பெரும்பாலும் பிராசஸர் பக்கம் பாக்கணும். சந்தேகம்னா இன்னொரு சோதனை: ரெசொல்யூஷனைக் குறைச்சுப் பாருங்க. எஃப்.பி.எஸ். ஏறினா கிராபிக்ஸ்தான் திணறுது. ஏறவே இல்லைன்னா பிராசஸர்.

பையன் ஆடுறது ரெண்டே ரெண்டு கேம். வேலரன்ட், ஜி.டி.ஏ. 5. ரெண்டையும் ஓட்டினோம். ரெண்டுக்கும் வேற வேற வியாதி!

ஜி.டி.ஏ. 5ல கிராபிக்ஸ் 99 சதவீதம், எஃப்.பி.எஸ். 28. ரெசொல்யூஷனைக் குறைச்சா 45க்கு ஏறுச்சு. சரி, கிராபிக்ஸ் பத்தலை. ஆனா காரை வேகமா ஓட்டினா படம் அப்படியே உறைஞ்சு நின்னு நின்னு வருது. அந்த நேரம் பாத்தா ரேம் 8ல 7.6 நிரம்பிருக்கு, ஹார்ட் டிஸ்க் 100 சதவீதம். ரேம்ல இடமில்லாம டிஸ்க்ல எடுத்து வெச்சு எடுத்து வெச்சுத் தாளம் போடுது. கார்டு போட்டாலும் இந்தத் திணறல் முழுசா போகாது.

வேலரன்ட்ல ஆரம்பிக்கும்போது 70 எஃப்.பி.எஸ். நல்லாத்தான் இருந்துச்சு. பத்து நிமிஷத்துல 40க்கு வந்துருச்சு. "இப்பிடித்தான் மாமா, மத்தியானம் ஆடுனா டொக்கு, ராத்திரி ஆடுனா சூப்பர்"னான். பிராசஸர் சூட்டைப் பாத்தேன். 99 டிகிரி! இந்த பிராசஸர் 100 டிகிரியைத் தொட்டா, கருகிறாம இருக்க தன் வேகத்தைத் தானே குறைச்சுக்கும். மத்தியானம் வெளியிலயே 39 டிகிரி. பொட்டிக்குள்ள போற காத்தே வெந்நீரா இருந்தா அது என்ன பண்ணும் பாவம்.

மூடியைக் கழட்டினோம்.

என்னத்தைச் சொல்ல. பிராசஸர் மேல இருக்கிற அலுமினிய ஹீட் சிங்க் ஒரே கறுப்புக் கம்பளி. ஆனி, ஆடியில மேகாத்து அடிக்கும்போது எங்க ஊருல உழுது போட்ட கரிசக்காட்டுப் புழுதி பூராவும் வீட்டுக்குள்ளதான் இருக்கும். வெறும் மண்ணுன்னாக்கூட ஊதிறலாம். பஞ்சுப் பிசிறும் எண்ணெய்ப் பிசுக்கும் சேந்தா அது ஒரு தினுசா அடை மாதிரி ஆயிரும். ஃபேன் சுத்துது, காத்து போகல. பல வருஷத்துக்கு முந்தி வெச்ச தெர்மல் பேஸ்ட் காஞ்சு சுண்ணாம்பா உதிருது.

பொட்டியை வாசலுக்குத் தூக்கிட்டுப் போய், பக்கத்து ஒர்க்‌ஷாப்ல புளோயர் கடன் வாங்கி ஊதினோம். (ஊதும்போது ஃபேனை விரலால புடிச்சுக்கோங்க, தாறுமாறா சுத்த விட்டா பேரிங் போயிரும். எஸ்.எம்.பி.எஸ்.ஸை வெளியில இருந்து ஊதினாப் போதும். பிளக்கைப் புடுங்கினாலும் உள்ளே கெப்பாசிட்டர்ல கரண்ட் நிக்கும், அதைப் பிரிச்சுறாதீங்க.)

திண்ணையில உக்காந்து அப்பா எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருந்தார். இப்பல்லாம் காட்டுக்குப் போறதில்ல. புழுதி பறக்கிறதைப் பாத்துட்டு, "நம்ம காட்டு மண்ணுல பாதி இதுக்குள்ளதான் இருக்கு போல"ன்னார். "எதுக்குடா, என்ன வாங்கப் போறீக?"ன்னு கேட்டார்.

கார்டு, ரேம்னு சொன்னா அவருக்கு என்ன புரியும். "பொட்டி மெதுவா ஓடுது, வேகமாக்கணும். எதை மாத்துறதுன்னு பாக்கோம்"னேன்.

"எது கம்மியா இருக்கோ அதைத்தானப்பா போடணும். மழ தவறுன வருசத்துல மூட்ட மூட்டயா யூரியாவைக் கொட்டுனா பயிரு எந்திரிச்சிருமா? கருகிப் போகும்."

அம்புட்டுதான். மானாவாரி சம்சாரி ஒருத்தர் ரெண்டு வரியில முடிச்சுட்டார். 19ஆம் நூற்றாண்டுல லீபிக்னு ஒரு ஜெர்மன்காரர் இதையேதான் ஒரு விதியாப் பிரபலமாக்கினார். பயிருக்கு வேண்டியதுல எது ரொம்பக் குறைவோ அதுதான் வெளைச்சலைத் தீர்மானிக்கும், நிறைய இருக்கிறதை இன்னும் கொட்டுறதால பிரயோஜனம் இல்லைன்னு. கம்ப்யூட்டருக்கும் இது மாதிரி ஒண்ணு உண்டு. ஜீன் ஆம்டால்னு ஒருத்தர் 1967ல சொன்னது. ஒரு கணக்கு போட்டா எளிதாப் புரியும். கேம் லோடு ஆக 100 விநாடி, அதுல 80 விநாடி டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது, 20 விநாடி பிராசஸர் வேலைன்னு வெச்சுக்கோங்க. பிராசஸரை ரெண்டு மடங்கு வேகமாக்கினா 20 பத்தாகும், மொத்தம் 90. டிஸ்க்கை நாலு மடங்கு வேகமாக்கினா 80 இருபதாகும், மொத்தம் 40. காசு எங்க போடணும்னு நீங்களே சொல்லுங்க.

சரி, கதைக்கு வருவோம். 150 ரூபாய்க்கு ஒரு பேஸ்ட் வாங்கி வெச்சு மூடினோம். அதே வேலரன்ட், அதே மத்தியான வெயிலு. சூடு 76 டிகிரி. 70 எஃப்.பி.எஸ். அரை மணி நேரம் ஆடியும் எறங்கல. பையன் மூஞ்சியைப் பாக்கணுமே!

முன்பக்கம் காத்து உள்ளே போற இடத்துல பழைய கொசுவலைத் துணியை வெட்டி ஒட்டிவிட்டோம். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை கழட்டி அலசிக்கிட்டாப் போதும். பொட்டியைத் தரையில இருந்து ஸ்டூல் மேல ஏத்தியாச்சு.

அதுக்கப்புறந்தான் கார்டுப் பேச்சே.

பையன் ஒரு கார்டைப் பாத்து வெச்சு, ஆளுகிட்ட பேசியும் வெச்சுட்டான். ஆர்.எக்ஸ். 580, 8 ஜி.பி. செகண்ட் ஹேண்டு, எட்டாயிரம். 2017ல வந்த கார்டு. கெட்ட கார்டுன்னு சொல்ல மாட்டேன், அது வந்த காலத்துல காசுக்கு நல்ல வேலை செஞ்சது. 2022 செப்டம்பர்ல இத்தீரியம் நாணயம் தோண்டுறது நின்னுபோனதுக்கப்புறம், அதுவரைக்கும் ராத்திரி பகலா ஓடின கார்டு எல்லாம் செகண்ட் ஹேண்டு சந்தைக்கு வந்துச்சு. அதுல இது நிறைய. நல்லதும் இருக்கும், வெந்ததும் இருக்கும்.

"அது கெடக்கட்டும். உன் எஸ்.எம்.பி.எஸ்.ஸை எடுத்து லேபிளைப் படி"ன்னேன்.

"450 வாட்ஸ் மாமா."

"அது அட்டையில எழுதினது. கீழ பொடி எழுத்துல 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர்னு பாரு."

14 ஆம்பியர்.

"12 ஐ 14ஆல பெருக்கு."

168.

"நீ வாங்கப் போற கார்டு மட்டும் தனியா 185 வாட்ஸ் கேக்கும். பிராசஸர் 84. என்னல பண்ணுவ?"

ரெண்டு நிமிஷம் பேசல. பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுறது பெரும்பாலும் அந்த 12 வோல்ட் வழியாத்தான். இவன் பாட்டுக்கு அந்தக் கார்டை மாட்டியிருந்தா, கேம் திறந்த உடனே பொட்டி அணைஞ்சிருக்கும். அது நல்ல விதி. கெட்ட விதின்னா எஸ்.எம்.பி.எஸ். வெடிச்சு, போர்டு, கார்டு ரெண்டையும் கூட்டிட்டுப் போயிருக்கும். எங்க தெருவுல சாயங்காலம் எல்லா வீட்டுலயும் மோட்டாரும் மிக்ஸியும் ஓடும்போது வோல்டேஜ் 180க்கு எறங்கும். பொட்டி அப்பப்போ தானா ரீஸ்டார்ட் ஆகுதுன்னு பையன் சொன்னதுக்கும் இதான் காரணமா இருக்கணும். நல்ல எஸ்.எம்.பி.எஸ். 100 வோல்ட்ல இருந்து 240 வரைக்கும் தாங்கும். மலிவானது பலது 200க்குக் கீழ எறங்கினா மயக்கம் போட்டுரும்.

இன்னொண்ணு. கேபினெட்டைத் தொட்டா சுருசுருன்னு இழுக்குது. பிளக் பாயிண்ட்ல எர்த் ஒயரே இல்ல. கரிசல் மண்ணு கோடையில பாளம் பாளமா வெடிச்சுக் காஞ்சு கெடக்கும், எர்த் குழி போட்டிருந்தாலும் தண்ணி ஊத்தி வெச்சாத்தான் வேலை செய்யும். ஒயர்மேனைக் கூப்பிட்டு 400 ரூபாய்ல அதைச் சரி பண்ணோம். ஆயிரம் கார்டை விட இது முக்கியம்.

இப்ப பையன் வேற ரூட்டுல வந்தான். "அப்ப ஐ7-4770 பிராசஸர் போட்டுருவோமா? இதே போர்டுலயே உக்காரும்."

உக்காரும்தான். எட்டு த்ரெட். ஆனா இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14ஓட நிறுத்திருச்சு. விண்டோஸ் 11 ஏத்துக்கிற பட்டியல்ல 4ஆம் தலைமுறை பிராசஸர் கிடையாது. எப்படியாவது ஏத்தினாலும், விண்டோஸ் 11ல வேலரன்ட் ஆட டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் ரெண்டும் வேணும். ஆக இந்தப் போர்டுக்கு வயசாயிருச்சு. இன்னும் ஒண்ணு ரெண்டு வருஷம் ஓடும், அப்புறம் மாத்தியே ஆகணும். அப்ப, இன்னைக்கு வாங்குற ஒவ்வொண்ணையும் பாத்து, "நாளைக்கு வேற பொட்டி வாங்கினா நீ கூட வருவியா?"ன்னு கேக்கணும்.

எஸ்.எம்.பி.எஸ். வரும். எஸ்.எஸ்.டி. வரும். கிராபிக்ஸ் கார்டு வரும். ஐ7-4770 வராது, அது இந்தப் போர்டோட செத்துரும். டி.டி.ஆர்.3 ரேமும் வராது, ஆனா செகண்ட் ஹேண்டுல தொள்ளாயிரத்துக்குக் கெடைக்குதுன்னா அது போனாப் போகுது.

"அப்ப புது போர்டு, புது பிராசஸரே வாங்கிருவோமா?"ன்னா, 15,000க்குள்ள முடியாது. அதுவும் 2025 கடைசியில இருந்து ரேம் வெலை ஏறின ஏத்தம் உங்களுக்கே தெரியும். ஏ.ஐ. டேட்டா சென்டருக்கு மெமரி பூராவும் போய்க்கிட்டு இருக்கு. மைக்ரான் கம்பெனி தன்னோட க்ரூஷியல் பிராண்டுல நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வித்துக்கிட்டு இருந்த வியாபாரத்தை விட்டே வெளியேறுறதா 2025 டிசம்பர்ல அறிவிச்சுது. இந்த நேரத்துல புது ரேம் வாங்கப் போறது, கல்யாண முகூர்த்தத்துல மல்லிகைப்பூ வாங்கப் போற மாதிரி.

கார்டு எது? மூணு கேள்வி வெச்சுக்கிட்டோம். எவ்வளவு கரண்ட் கேக்கும்? போர்டுல முழு வேகத்துல ஓடுமா? டிரைவர் இன்னும் வருதா?

ரெண்டாவது கேள்விதான் 2005ல நான் கோட்டை விட்டது, வேற ரூபத்துல. இப்ப ஸ்லாட் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், எந்தக் கார்டும் உக்காரும். ஆனா எச்81 போர்டுல கிராபிக்ஸ் ஸ்லாட் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 2ஆம் தலைமுறை வேகந்தான். 2022ல வந்த ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. மாதிரி சில கார்டுக்கு 16 லேனுக்குப் பதிலா 4 லேன்தான் இருக்கும். புது போர்டுல அந்த 4 லேன் வேகமா ஓடும், தெரியாது. பழைய போர்டுல ஒத்தையடிப் பாதையில லாரி விட்ட மாதிரி ஆயிரும். வயசுல புதுக் கார்டு, ஆனா நம்ம போர்டுல போட்டா பாதி மேளந்தான் அடிக்கும்.

மூணாவது கேள்வி: என்விடியா, ஜி.டி.எக்ஸ். 1050 டிஐ உள்ளிட்ட பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளுக்குப் புது கேமுக்கான டிரைவரை 2025 அக்டோபரோட நிறுத்திருச்சு. அதுக்கு அடுத்த தலைமுறையான ஜி.டி.எக்ஸ். 1650க்கு (2019ல வந்தது) இன்னும் வருது. அது 75 வாட்ஸ் கார்டு. ஸ்லாட்டே 75 வாட்ஸ் குடுக்கும்ங்கிறதால சில மாடலுக்குத் தனி ஒயர்கூட வேண்டாம். 16 லேன். மூணு கேள்வியிலயும் பாஸ். செகண்ட் ஹேண்டுல ஆறாயிரத்துக்குப் பேசி முடிச்சோம். கோவில்பட்டியில விக்கிற ஆளு வீட்டுக்கே போய், அரை மணி நேரம் கேம் ஓட்டி, சூடு, ஃபேன் சத்தம் எல்லாம் பாத்துட்டுத்தான் காசு குடுத்தோம். செகண்ட் ஹேண்டு கார்டை ஓட்டிப் பாக்காம வாங்காதீங்க மக்களே.

மொத்தக் கணக்கு இதான். தெர்மல் பேஸ்ட் 150. எர்த் வேலை 400. 8 ஜி.பி. ரேம் இன்னொரு குச்சி 900. 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. 3,900. நல்ல கம்பெனி 450 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ்., 80 பிளஸ் முத்திரை போட்டது, 3,300. கார்டு 6,000. ஆக 14,650.

மாட்டினதும் இதே வரிசையிலதான், ஒவ்வொண்ணா. ஒவ்வொண்ணுக்கும் அப்புறம் அளந்தோம். ரேம் ரெண்டு குச்சி ஆனதும் ரெண்டு வழியில ஒரே நேரத்துல ஓடும். உள்ளேயே இருக்கிற கிராபிக்ஸ் அந்த ரேமைத்தான் கடன் வாங்குதுங்கிறதால, கார்டு போடுறதுக்கு முன்னாடியே வேலரன்ட் 70ல இருந்து 84க்குப் போச்சு. எஸ்.எஸ்.டி. போட்டதுல எஃப்.பி.எஸ். ஒண்ணுகூட ஏறல, ஆனா ஜி.டி.ஏ. திறக்க நாலு நிமிஷம் ஆனது ஒரு நிமிஷமாச்சு, ஓட்டும்போது உறையிறதும் நின்னுச்சு. கடைசியா கார்டு. ஜி.டி.ஏ. 5 முழு ரெசொல்யூஷன்ல 60க்கு மேல. வேலரன்ட் 120ஐத் தாண்டுது, அங்க இனிமே பிராசஸர்தான் எல்லை. ஆனா மானிட்டரு 60 ஹெர்ட்ஸ், விநாடிக்கு 60 படத்துக்கு மேல அது காட்டப் போறதில்ல. அதனால அந்த எல்லையைப் பத்திக் கவலைப்பட இப்போதைக்கு ஒண்ணுமில்ல.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அத்தான் உள்ளே எட்டிப் பாத்தார். அக்கா அடுப்படியில பாத்திரத்தை உருட்டுற சத்தம் நின்னுபோச்சு. "எம்புட்டாச்சு?"ன்னார்.

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள பையனே கணக்குப் பேப்பரை நீட்டிட்டான். அம்மா குடுத்த அஞ்சாயிரத்தையும் சேத்து எழுதிருந்தான். நான் சொல்லச் சொல்லலை.

அத்தான் கணக்குப்பிள்ளையாச்சே, கூட்டல் சரியான்னு பாத்தார். எர்த் வேலை 400ங்கிற வரியில கொஞ்ச நேரம் நின்னார். "இம்புட்டு நாளா ஷாக் அடிச்சிச்சா? சொல்லவே இல்ல?"ன்னார். அப்புறம் மிச்சம் 350 எங்கன்னு கேட்டார். பையன் எடுத்துக் குடுத்தான். வாங்கிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டார். ராத்திரி வரும்போது கையில அரைக் கிலோ கடலைமிட்டாய். எங்க ஊரு கடலைமிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடு குடுத்தாங்க, ஆனா எங்க வீட்டுல அது சமாதானக் குறியீடு :-)

கெளம்புறதுக்கு முன்னாடி டிரங்குப் பொட்டியைத் திறந்து அந்த 5200 கார்டை எடுத்து மருமகன்கிட்ட காட்டினேன். 2005ல நடந்ததைச் சொன்னேன், ப்ராஜெக்ட்னு பொய் சொன்னதையும் சேத்து. திண்ணையில இருந்து அப்பா கேட்டுக்கிட்டுத்தான் இருந்தார். "அது ப்ராஜெட்டுக்கு இல்லைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்"னார்.

இருபது வருஷம் கழிச்சு. அவ்வ்வ்வ்.

டிஸ்கி 1: "என் பொட்டிக்கு எந்தக் கார்டு வாங்கலாம்?"னு கேக்கப் போறவங்க, மூடியைக் கழட்டி ஊதிட்டு, எஸ்.எம்.பி.எஸ். லேபிள்ல 12 வோல்ட் ஆம்பியரைப் படிச்சுட்டு, எந்த கேம்ல எது 100ஐத் தொடுதுன்னு எழுதிக்கிட்டு வாங்க. பாதிப் பேருக்கு அதுக்கப்புறம் கேள்வியே இருக்காது.

டிஸ்கி 2: அந்த எஃப்.எக்ஸ். 5200 விக்கிறதுக்கில்ல.